டைமிங்க ரெண்டு டிகிரி ஏத்தி வச்சா வண்டி வலிக்குமா?

கன்னியாகுமரி ஜில்லாவுல தக்கலைலேருந்து களியக்காவிளை வரைக்கும் எந்த லாரி ஒர்க்‌ஷாப்புல போய் கொஞ்ச நேரம் நின்னாலும் இந்தப் பேச்சு காதுல விழாம இருக்காது. "ஆசானே, ஏத்தத்துல வண்டி வலிக்க மாட்டேங்கு, டைமிங்க ரெண்டு டிகிரி ஏத்தி வச்சுத் தாங்க." வலிக்குறதுன்னா இங்க இழுக்குறது, ஆசான்னா பெரிய மெக்கானிக், டைமிங்னா எஞ்சினுக்குள்ள டீசல் அடிக்குற நேரம். ஆசான் ஒரு ஸ்பேனர எடுத்து, டீசல் பம்ப எஞ்சினோட சேக்குற கப்ளிங்க லூஸ் பண்ணி ஒரு அரை நூல் அளவு திருப்பி டைட் பண்ணி, "இப்ப ஓட்டிப் பாரு மக்கா"ன்னு அனுப்பி விடுவாரு. சில வண்டி உண்மையிலேயே நல்லா வலிக்கும், டிரைவர் சந்தோசமா அடுத்த லோடுக்குப் போயிருவாரு, சில வண்டி கொஞ்ச நாள்ல, எஞ்சின் தலைக்கு அடியில அமுக்கம் வெளிய போகாம அடைக்குற ஹெட் கேஸ்கட் போய் அதே ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துட்டு வரும். ஒரே வேலைதான், ஒரே ஸ்பேனர்தான், அப்புறம் ஏன் ரெண்டு விதமா ஆகுதுன்னு கேட்டா பதில் அந்த அரை நூல்ல மட்டும் இல்ல. எஞ்சினுக்குள்ள டீசல் எப்ப அடிக்குது, எப்ப பத்துது, அந்தச் சூடு பிஸ்டன எப்ப தள்ளுது, இந்த மூணும் வேற வேற நேரம்ங்கறது புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும்.

பெட்ரோல் எஞ்சின்ல ப்ளக் இருக்கு, அதுல தீப்பொறி விழுற நேரம்தான் எப்ப பத்தணும்னு சொல்லும். டீசல்ல அப்படி எதுவும் கிடையாது. காத்த மட்டும் உள்ள இழுத்து 17-ல ஒரு பங்கா அமுக்குறோம், அமுக்குன காத்து 500 டிகிரி சென்டிகிரேடத் தாண்டி சூடாகுது, அந்தச் சூட்டுல டீசலப் பனி மாதிரி நாசில் வழியா அடிச்சா தானாப் பத்திக்கும். ஆக, எப்ப பத்தணும்னு முடிவு பண்றதே டீசல எப்ப அடிக்கிறோம்ங்கறதுதான். இதுக்குத்தான் இன்ஜெக்‌ஷன் டைமிங்னு பேரு, பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு எத்தனை டிகிரி முன்னாடி டீசல் அடிக்க ஆரம்பிக்குதுன்னு பிஸ்டன் சுத்தி விடுற தண்டான கிராங்க் சுத்துற கணக்குல சொல்றது. பழைய டாட்டா 697 எஞ்சின எடுத்துக்குவோம், 6 சிலிண்டர், சிலிண்டர் அகலம் (போர்) 97 மில்லி, பிஸ்டன் ஓடுற தூரம் (ஸ்ட்ரோக்) 128 மில்லி. அதுல உச்சிக்கு 20 டிகிரி முன்னாடின்னா பிஸ்டன் ஏறக்குறைய 5 மில்லிதான் கீழ இருக்கும். 128 மில்லி ஓடுற பிஸ்டனுக்குக் கடைசி 5 மில்லிக்குள்ளதான் இந்த விளையாட்டு மொத்தமும் நடக்குது.

டீசல் அடிச்ச உடனே பத்தாது, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. துளி ஆவியாகணும், காத்தோட கலக்கணும், சூடேறணும், அதுக்கு ஒரு மில்லி செகண்ட் ஒட்டி ஆகும், எஞ்சினப் பொறுத்து கூடும் குறையும். ஒரு மில்லி செகண்டெல்லாம் ஒரு நேரமான்னு தோணும், ஆனா எஞ்சின் 2000 ஆர்பிஎம்ல ஓடுதுன்னா ஒரு மில்லி செகண்டுல கிராங்க் 12 டிகிரி சுத்திருக்கும். ஐட்லிங்ல 600 ஆர்பிஎம்னா அதே ஒரு மில்லி செகண்டுல 3.6 டிகிரிதான். அப்ப ஸ்பீடு கூடக் கூட டீசல இன்னும் முன்னாடியே அடிக்க ஆரம்பிச்சாதான் பத்துற நேரம் சரியா வந்து விழும். டைமிங்குக்கு ஒரே ஒரு நம்பர் கிடையாது, ஸ்பீடுக்கு ஒண்ணு லோடுக்கு ஒண்ணுன்னு மாறிக்கிட்டே இருக்கணும்ங்கறது இதுலேருந்தே வந்துருது.

இது போக பைப்ல ஒரு லேட் இருக்கு. பம்ப் அமுக்குன உடனே நாசில் திறக்காது, அந்த அமுக்கம் டீசல் வழியா அலையா ஓடிப் போய்ச் சேரணும், செகண்டுக்குச் சுமார் 1400 மீட்டர் வேகத்துல போகும். பைப் 60 சென்டிமீட்டர் நீளம்னு வைங்க, போய்ச் சேர 0.43 மில்லி செகண்ட், 2000 ஆர்பிஎம்ல அதுவே 5 டிகிரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா அமுக்குற வரிசைப் பம்ப், அதாவது இன்லைன் பம்ப் வச்ச எஞ்சின்ல பாத்தீங்கன்னா பம்புக்குப் பக்கத்துல இருக்குற சிலிண்டருக்குப் போற பைப்ப கூட வேணும்னே சுத்தி வளைச்சு விட்டிருப்பான், அழகுக்கு இல்ல, ஆறு பைப்பும் ஒரே நீளம் இருக்கணும்ங்கறதுக்காக. பைப் வெடிச்சா வேற எஞ்சின் பைப்ப வெட்டி ஒட்டி மாட்டுறவங்க இருக்காங்க, வண்டி ஓடத்தான் செய்யும், ஆனா அந்த ஒரு சிலிண்டர் மட்டும் தனி டைமிங்ல ஓடிக்கிட்டிருக்கும், ஐட்லிங்ல ஒரு தட்டு கேட்டுக்கிட்டே இருக்கும், எங்க பாத்தாலும் காரணம் கிடைக்காது.

சரி, பத்துனதுக்கப்புறம் என்ன வேணும்? அமுக்கத்தோட உச்சம் பிஸ்டன் மேல போய்த் திரும்பி இறங்க ஆரம்பிச்சு ஒரு 10, 15 டிகிரி தாண்டுறப்ப வந்து விழணும், அப்பதான் கிராங்க்குக்கு நல்ல நெம்பு கிடைக்கும். குளச்சல் கடற்கரைல வள்ளம் இறக்குறதப் பாத்தவங்களுக்கு இது சொல்லாமலே புரியும், அலை வந்து வள்ளத்தத் தூக்கித் திரும்புற அந்த நேரத்துல எல்லாரும் சேர்ந்து ஒரு தள்ளு தள்ளணும், முன்னாடியே தள்ளுனா அலை நம்ம மேலயே வள்ளத்தத் திருப்பி அடிக்கும், லேட்டாத் தள்ளுனா மண்ணுல தட்டி உக்காந்துரும்.

முன்னாடியே அடிச்சா, அதாவது அட்வான்ஸ் கூடிப் போனா என்ன ஆகும்? பிஸ்டன் இன்னும் மேல ஏறிக்கிட்டு இருக்கு, காத்து முழுசா சூடாகல, அதனால டீசல் பத்தக் கூட நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க நாசில் அடிச்சுக்கிட்டே இருக்கும், சேந்த டீசல் மொத்தமும் ஒரே நேரத்துல குபுக்குன்னு பத்தும். அதுதான் அந்த கடகடன்னு வர்ற நாக்கிங் சத்தம். அமுக்கம் திடீர்னு ஏறி, மேல வர்ற பிஸ்டன எதிர்த்து அடிக்கும். ஹெட் கேஸ்கட், பிஸ்டன் தலை, ரிங்கு, பேரிங்கு எல்லாத்துக்கும் அடி. ரொம்பக் கூடிட்டா ஸ்டார்ட் பண்றப்ப எஞ்சின் திருப்பி உதைக்கும், ஸ்டார்ட்டர் பல்லு உடையும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா நாக்கிங் சத்தம் கேக்குற டிரைவருக்கு வண்டி "நல்லா ஷார்ப்பா இருக்கு"ன்னு தோணும். கொஞ்சமா அட்வான்ஸ் கூடுனா உண்மையிலேயே மைலேஜும் வலிப்பும் கொஞ்சம் ஏறும், அதையும் மறைக்க வேண்டாம். அந்தக் கொஞ்சம் எங்க முடியுதுங்கறதுதான் காதுக்குத் தெரியாது.

லேட்டா அடிச்சா, ரிட்டார்ட் ஆனா, பிஸ்டன் கீழ ஓடிட்டு இருக்கறப்பதான் டீசல் எரியும், பாதிச் சூடு வேலையாகாம எக்ஸாஸ்ட்ல போயிரும். சைலன்சர் சூடு, டர்போ சூடு, ரேடியேட்டர் கொதி, கரும்புகை, டீசல் கூடக் குடிக்கும், ஏத்தத்துல மூச்சு வாங்கும். ரொம்பவே லேட்டுன்னா டீசல் எரியாமலே வெள்ளைப் புகையா வெளிய வரும், கண்ணு எரியும். இங்க நம்ம ஊருக்குன்னு ஒண்ணு சொல்லணும். வடக்க குளிர்ல காலையில கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வர்றது சகஜம், எஞ்சின் சூடானா நின்னுரும். நாகர்கோவில்ல எப்பக் குளிருச்சு? மார்கழிக் காலைல கூட நாம வெறும் சட்டையோட நிக்குறோம். நம்ம ஊருல ஒரு வண்டி காலையில பத்து நிமிசம் வெள்ளைப் புகை தள்ளுதுன்னா குளிரு மேல பழி போடாம கம்ப்ரஷன், நாசில், டைமிங் மூணையும் பாக்கணும்.

இப்ப அந்த ஆசான் கதைக்கு வருவோம். "டைமிங் ஏத்துனேன், பிக்கப் வந்துச்சு"ன்னு சொல்ற வண்டில நிறைய தடவ டைமிங் மட்டும் மாறிருக்காது. பம்புல புல் லோடு ஸ்க்ரூன்னு ஒண்ணு இருக்கு, டீசல் அளவக் கூட்டிக் குறைக்குற ரேக்குங்கற கம்பி எவ்வளவு தூரம் போகலாம்னு அதுதான் தடுக்கும், அதாவது ஒரு அடிக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல்னு அது தீர்மானிக்கும். கம்பெனில அதுக்கு ஈய சீல் வச்சு அனுப்புவாங்க. அந்த சீல உடைச்சு ஸ்க்ரூவக் கொஞ்சம் திறந்து விட்டா டீசல் கூடப் போகும், வண்டி வலிக்கும், பின்னாடி வர்ற பைக்குக்காரன் மூஞ்சி கருத்துப் போகும். இது டைமிங்கே கிடையாது, அளவு. டைமிங்ங்கறது எப்ப, ஸ்க்ரூங்கறது எவ்வளவு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு "பம்ப் ஏத்துனேன்"னு சொல்றதாலதான் எதனால வலிச்சுது, எதனால கேஸ்கட் போச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போகுது. வில்லுக்குறி பக்கம் ஏத்தத்துல ஓவர் லோடோட கரும்புகை கக்கிட்டுப் போற டிப்பரப் பாத்தா முக்காவாசி இந்த ஸ்க்ரூ கேஸுதான்னு என் எண்ணம், டைமிங் கேஸ் கம்மி.

அரை நூல் கணக்கையும் பாத்துருவோம். ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, அரை நூல்னா 1.6 மில்லி. கப்ளிங்கோட விளிம்பு நடுவுலேருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க, அங்க 1.6 மில்லி நகத்துனா பம்ப் ஷாப்ட்ல 2.3 டிகிரி. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல எஞ்சின் ரெண்டு சுத்துனா பம்ப் ஒரு சுத்துதான், அதனால எஞ்சின் கணக்குல அது 4.6 டிகிரி. கேட்டது ரெண்டு டிகிரி, கிடைச்சது நாலரைக்கு மேல! கண்ணால பாத்துத் திருப்புறதுல இருக்குற ஆபத்து இவ்வளவுதான். எஞ்சினுக்குப் பின்னாடி சுத்துற பெரிய சக்கரமான ப்ளைவீல்ல பாத்தா கதையே வேற, 40 சென்டிமீட்டர் ப்ளைவீல்ல ஒரு டிகிரிங்கறது விளிம்புல மூன்றரை மில்லி, கண்ணுக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் அளவு எடுக்குறத எப்பவும் ப்ளைவீல்லயோ முன்னாடி டாம்பர் புல்லியிலயோ எடுக்கணும், கப்ளிங்ல திருப்ப மட்டும்தான் செய்யணும்.

பழைய இன்லைன் பம்புக்குச் சரியான முறை ஸ்பில் பாக்குறது. ஒண்ணாம் நம்பர் சிலிண்டரக் கம்ப்ரஷனுக்குக் கொண்டு வரணும், அது கம்ப்ரஷன்தானான்னு எப்படித் தெரியும்னா ஆறாம் நம்பர் சிலிண்டர் வால்வு ரெண்டும் ராக் ஆகும், ஒண்ணு மூடி ஒண்ணு திறக்கும், ஆறாவது அப்படி ஆட்டம் போட்டா ஒண்ணாவது அடிக்கத் தயாரா நிக்குதுன்னு அர்த்தம். பம்புல ஒண்ணாம் நம்பர் பைப்பக் கழட்டி, டெலிவரி வால்வ் ஹோல்டரத் திறந்து, உள்ள இருக்குற ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்து சுத்தமான டீசல் ஊத்துன கிண்ணத்துல போட்டுரணும். இந்த இடத்துல வேஸ்ட் துணியக் கிட்டயே கொண்டு வரக்கூடாது, அந்த வால்வுக்குள்ளயும், டீசல அமுக்குற பிளஞ்சர்-பாரல் ஜோடியான எலிமென்டுக்குள்ளயும் இருக்குற இடைவெளி ஒரு சில மைக்ரான்தான், ஒரு நூல் துணுக்கு உள்ள போனாலும் முடிஞ்சுது. ஹோல்டரத் திரும்ப மாட்டி, வளைஞ்ச குட்டி பைப் ஒண்ணு மாட்டணும். ஸ்டாப் லிவர் ஓடுற பொசிஷன்ல இருக்கணும். ஒருத்தர் ஹேண்ட் பம்ப அடிச்சுக்கிட்டே இருக்கணும், டீசல் அந்த வளைஞ்ச பைப் வழியா கம்பி மாதிரி ஓடும். இன்னொருத்தர் ப்ளைவீல அதுல இருக்குற டிகிரி மார்க்குக்கு நல்லா முன்னாடி வரைக்கும் பின்னால கொண்டு போயிட்டு, அப்புறம் எஞ்சின் ஓடுற திசைல மெதுவா, ரொம்ப மெதுவா கொண்டு வரணும். மார்க்கத் தாண்டிட்டா அப்படியே ரிவர்ஸ்ல கொண்டு வந்து நிறுத்தக் கூடாது, கியர் பல்லுல இருக்குற லூஸு ஒரு டிகிரி ஒன்றரை டிகிரிய முழுங்கிரும், திரும்பவும் பின்னால போயி முதல்லேருந்து வரணும்.

வரவர அந்தக் கம்பி மெலிசாகும், அப்புறம் ஒடையும், சொட்டு சொட்டா மாறும். பிளஞ்சர் மேல ஏறி பாரல்ல இருக்குற ஓட்டைய மூடுற நேரம் அது, அதுக்கு மேல டீசல் திரும்ப வெளிய போக வழி இல்ல, அமுக்கம் ஏற ஆரம்பிக்கும். சொட்டு நின்னு நின்னு விழுற அந்த இடத்துல ப்ளைவீலப் பாருங்க, அதுதான் அந்த வண்டியோட உண்மையான ஸ்டாட்டிக் டைமிங். எஞ்சின் பிளேட்லயோ மேனுவல்லயோ போட்டிருக்குற டிகிரியோட அது ஒத்து வரலைன்னா கப்ளிங்க லூஸ் பண்ணித் திருத்தி, டைட் பண்ணிட்டு மறுபடியும் முதல்லேருந்து பாக்கணும். டைட் பண்றப்பவே கொஞ்சம் நகந்துரும், அதான் மறுபடி. பம்பு பாடியத் திருப்புற மாதிரி ப்ளேஞ்ச்ல நீள ஓட்டை வச்ச எஞ்சின்ல, ஷாப்ட் சுத்துற திசைக்கு எதிரா பாடியத் திருப்புனா அட்வான்ஸ், அதே திசைல திருப்புனா ரிட்டார்ட். இது குழம்பிப் போயி ஏத்துறேன்னு இறக்கி வச்ச வண்டியும் ரோட்டுல ஓடிக்கிட்டுதான் இருக்கு.

இதெல்லாம் எஞ்சின் நிக்கறப்ப பாக்குறது. ஓடுறப்ப ஸ்பீடுக்குத் தகுந்து மாத்துறதுக்கு பம்புக்கு முன்னாடி அட்வான்ஸ் யூனிட் இருக்கும், உள்ள எடைக்கல்லும் ஸ்பிரிங்கும், ஸ்பீடு ஏறுனா எடை வெளிய விரிஞ்சு ஷாப்ட கொஞ்சம் முன்னாடி தள்ளும். ரோட்டரி பம்புல அதே வேலைய உள்ள இருக்குற டீசல் அமுக்கமே செய்யும். இந்த யூனிட் துருப்புடிச்சோ தேஞ்சோ சிக்கிட்டா ஐட்லிங்ல எல்லாம் சரியா இருக்கும், ஸ்பில்லும் சரியாவே வரும், ஆனா ஸ்பீடுல வண்டி வலிக்காது. டிரைவரும் ஆசானும் ஸ்டாட்டிக்க ஏத்தி ஏத்திப் பாப்பாங்க, ஸ்பீடுல கொஞ்சம் சரியாகும், ஐட்லிங்ல கடகடன்னு அடிக்கும். பம்ப் கடைல டெஸ்ட் பெஞ்சுல ஏத்துனாதான் இது பிடிபடும். ஆறு எலிமென்டும் ஒண்ணுக்கொண்ணு பம்ப் கணக்குல 60 டிகிரி இடைவெளில அடிக்குதாங்கறதும் பெஞ்சுலதான் தெரியும், ஒண்ணாம் நம்பருக்கு மட்டும் டைமிங் வச்சு என்ன பிரயோஜனம், மத்த அஞ்சும் அதோட கணக்குல வரணும்ல.

டைமிங்க தொடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ஒரு பட்டாளம் இருக்கு. ஏர் பில்டர் அடைப்பு, டீசல் பில்டர் அடைப்பு, கிளட்ச் வழுக்குறது, பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுறது, டர்போ ஹோஸ் கிழிசல், இதுல எது இருந்தாலும் வண்டி வலிக்காது, டிரைவர் வாயில வர்றது டைமிங்தான். நாசில் இன்னும் முக்கியம், பழைய எஞ்சின்ல நாசில் ஒரு 200, 250 பார் ஒட்டித் திறக்கும், ஸ்பிரிங் தளந்து முன்னாடியே திறந்தா அட்வான்ஸ் தானா கொஞ்சம் கூடிரும், அதோட டீசல் பனியா வராம ஒழுகும். அப்படிப்பட்ட நாசிலோட டைமிங் வச்சுட்டு அடுத்த மாசம் நாசில் மாத்துனா வச்ச டைமிங் அம்புட்டும் வீண். எலிமென்ட் தேய்மானத்துக்கு ஒரு அடையாளம் உண்டு, காலையில ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆகுற வண்டி ஓடி சூடானதுக்கப்புறம் நிப்பாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணா இழுத்துக்கிட்டே கிடக்கும், சூட்டுல டீசல் இளகி தேஞ்ச இடைவெளி வழியா நழுவிரும். அதுக்கு டைமிங்க ஏத்துறது வைத்தியமே இல்ல.

டீசலோட தரமும் இதுல வருது. எவ்வளவு சீக்கிரம் பத்தும்ங்கறத சீட்டேன் நம்பர்னு சொல்லுவாங்க, பாரத் ஸ்டேஜ்ங்கற புகை விதில பிஎஸ் 2 காலத்துல குறைஞ்சது 48, பிஎஸ் 3-லேருந்து 51. மண்ணெண்ணெய் கலந்தா சீட்டேன் இறங்கும், பத்த லேட்டாகும், சேத்துப் பத்தும், சத்தம் போடும், அதோட டீசலுக்கு இருக்குற வழவழப்பு போயி எலிமென்டும் நாசிலும் தேயும். அந்தச் சத்தத்தக் கேட்டு டைமிங்க இறக்குனா இன்னொரு தப்பு சேந்துக்கும்.

டர்போ வச்ச எஞ்சினுக்குத் தனியா ஒரு வார்த்தை. டர்போ காத்த அமுக்கி அனுப்புறதால சிலிண்டர்ல காத்து நெருக்கமாவும் சூடாவும் இருக்கும், டீசல் சீக்கிரம் பத்தும், அதனால டர்போ இல்லாத எஞ்சின விட கம்மி அட்வான்ஸ் போதும், அமுக்கமும் ஏற்கெனவே கூட இருக்குறதால தாங்குற அளவும் கிட்டத்துலயே நிக்குது. டர்போ இல்லாத அதே குடும்பத்து எஞ்சினோட டிகிரிய ஞாபகத்துல வச்சு டர்போ எஞ்சினுக்கு வைக்குறது பிஸ்டன நேராக் கொல்றதுதான். பிளேட்டப் பாக்காம கை வைக்கவே கூடாது.

இவ்வளவு தலைவலி எதுக்கு, கம்பெனியே நல்ல அட்வான்ஸா வச்சு அனுப்பலாமேன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் புகைல இருக்கு. சிலிண்டர்ல சூடும் அமுக்கமும் கூடுனா காத்துல இருக்குற நைட்ரஜனே எரிஞ்சு நைட்ரஜன் ஆக்சைடு ஆகும், நுரையீரலுக்கு அது விஷம். டைமிங்க லேட்டாக்குனா அது குறையும், ஆனா கரியும் டீசல் செலவும் கூடும். அட்வான்ஸ் பண்ணா மைலேஜ் வரும், இந்த விஷமும் வரும். ஒண்ண அமுக்குனா ஒண்ணு தூக்கும். இது ஏதோ நம்ம ஊரு ஆசான்களுக்கு மட்டும் வந்த சபலம்னு நினைக்க வேண்டாம். 1998-ல அமெரிக்காவுல கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நவிஸ்டார், ரெனால்ட், வால்வோன்னு ஏழு பெரிய கம்பெனி அரசாங்கத்துகிட்ட மாட்டுச்சு. டெஸ்ட்ல ஓடுற மாதிரி ஓட்டுனா எஞ்சின் கம்ப்யூட்டர் டைமிங்க ஒழுங்கா வைக்கும், ஹைவேல சீரா ஓட ஆரம்பிச்சா டைமிங்க அட்வான்ஸ் பண்ணி மைலேஜ் குடுக்கும், புகை அளவு கூடிப் போகும். சுமார் 13 லட்சம் எஞ்சின். அபராதம் மட்டும் 8 கோடியே 34 லட்சம் டாலர், மத்த செலவெல்லாம் சேத்தா ஏறக்குறைய 100 கோடி டாலர். "ரெண்டு டிகிரி ஏத்தி வை"ங்கற அதே ஆசைதான், சாப்ட்வேர்ல பண்ணாங்க.

ஜெர்மனில பாஷ் கம்பெனி 1927-லயே இன்லைன் பம்ப வரிசையா செய்ய ஆரம்பிச்சது, நம்ம நாட்டுக்கு 1951-ல மைக்கோன்னு வந்து, 2008-ல பேர பாஷ்னு மாத்திக்கிச்சு, இன்னைக்கும் பழைய ஆசான்மாரு பம்புக்கு மைக்கோ பம்புன்னுதான் சொல்லுவாங்க. 2017 ஏப்ரல் 1-லேருந்து பிஎஸ் 3 வண்டி விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் நிறுத்துனப்பதான் லாரி உலகம் நெசமா மாறுச்சு. பிஎஸ் 4-க்கு நிறைய பேர் கம்ப்யூட்டர் டைமிங் போடுற காமன் ரெயிலுக்கும், புகைல அடிக்குற யூரியா திரவத்துக்கும் போனாங்க, அசோக் லேலண்ட் மட்டும் ஐஇஜிஆர்னு எரிஞ்ச புகைல கொஞ்சத்தத் திருப்பி உள்ள விட்டு சூட்டக் குறைச்சு, பழைய இன்லைன் பம்பையே வச்சு சமாளிச்சது, அது கைவேலை தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்புக்கெல்லாம் பெரிய நிம்மதி. 2020 ஏப்ரல் 1-ல பிஎஸ் 6 வந்ததோட அந்தக் கதையும் மாறிப் போச்சு.

காமன் ரெயில்ல ஸ்பில் பாக்குறதெல்லாம் கிடையாது. பம்பு ஒரு ரெயில்ல 1600 பார், 2000 பார்னு அமுக்கத்தச் சேத்து வச்சுரும், நாசில எப்பத் திறக்கணும்னு இசிஎம்ங்கற எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்லும். கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் பிஸ்டன் எங்க இருக்குன்னு சொல்ல, ஸ்பீடு, லோடு, தண்ணிச் சூடு, காத்துச் சூடு, டர்போ அமுக்கம் எல்லாத்தையும் பாத்து ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியா டைமிங் போடும். மெயின் அடிக்கு முன்னாடி துளியூண்டு பைலட் அடி ஒண்ணு போடும், அது முதல்ல பத்திக்கும், அப்புறம் வர்றது சேராம உடனுக்குடன் எரியும், அதனாலதான் புது வண்டில அந்தக் கடகட சத்தமே கேக்க மாட்டேங்குது. இன்னொண்ணு சுவாரசியம், பிஎஸ் 6-ல நைட்ரஜன் ஆக்சைட சைலன்சர் பக்கமே யூரியா அடிச்சு கொன்னுர்றதால, எஞ்சின்ல டைமிங்க மறுபடியும் கொஞ்சம் அட்வான்ஸ் பக்கம் வச்சு மைலேஜ் எடுக்க கம்பெனிக்கு இடம் கிடைச்சுருச்சு. வருசக் கணக்கா விதிக்குப் பயந்து பின்னாடி இழுத்தத யூரியா தொட்டி வந்து விட்டுக் குடுத்துச்சு.

இதுலயும் ஏத்தித் தர்றோம்னு லேப்டாப்போட ஆள் வர்றாங்க, இசிஎம்ல இருக்குற கணக்கு அட்டவணையான மேப்ப மாத்துறது, யூரியா இல்லாமலே இருக்குன்னு இசிஎம்ம ஏமாத்துற டப்பா மாட்டுறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி ஸ்பெசிபிகேஷன மாத்தக்கூடாதுன்னு தெளிவாச் சொல்லுது, வாரண்டி போகும், சைலன்சர்ல இருக்குற புகை பில்டர் கரியா அடைஞ்சு அது ஒரு பெரிய செலவு. பழைய வண்டிக்கும் புகை டெஸ்ட் இருக்கு, பிஎஸ் 4-க்கு முந்தின டீசல் வண்டிக்குப் புகையோட கருமைய அளக்குற கணக்குல 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் வரைக்கும், பிஎஸ் 4-க்கு 50. ரிட்டார்ட் ஆன வண்டியும் ஸ்க்ரூ திறந்த வண்டியும் அங்க பல்லக் காட்டும்.

நம்ம ஜில்லாவுல லாரி எஞ்சின் லாரியோட நிக்கறதில்லைங்கறதையும் சொல்லணும். சின்னமுட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் விசைப்படகுல லாரிக் குடும்பத்து எஞ்சின் நிறைய ஓடுது. கடல்ல மணிக்கணக்கா ஒரே ஆர்பிஎம்ல ஒரே லோடுல ஓடும், ஏத்தம் இறக்கம் கியர் மாத்துறதெல்லாம் இல்ல, அதனால அந்த ஒரு ஸ்பீடுக்கு டைமிங்கும் அளவும் வச்சு பம்பு செட் பண்ணிருப்பாங்க, ஸ்பீடக் கட்டுப்படுத்துற கவர்னரும் வேற மாதிரி இருக்கலாம். படகுலேருந்து இறக்குன பம்ப மலிவாக் கிடைச்சுதேன்னு லாரில மாட்டுனா ஐட்லிங் நிக்காது, ஸ்பீடு விடாது, அதுக்கும் டைமிங் மேலதான் பழி விழும். பம்பு மேல பிளேட்டுல இருக்குற நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பம்ப் கடைல காட்டி ஒத்து வருதான்னு பாத்துட்டு வாங்குங்க.

ஒர்க்‌ஷாப்புல வேலைய விடறப்ப "ஏத்தி வைங்க"ன்னு சொல்லாம "இப்ப எத்தனை டிகிரில நிக்குது, பிளேட்டுல எத்தனை போட்டிருக்கு"ன்னு கேளுங்க. நாசில் டெஸ்ட் முதல்ல, ஸ்பில் அப்புறம், ஸ்க்ரூ சீல் இருக்கான்னு அப்புறம். முடிஞ்சதும் டீசல் லைன்ல இருக்குற காத்த நல்லா எடுத்துட்டு, லோடோட தோட்டியோடு ஊர் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டு, எந்த டிகிரில வச்சதுன்னு பில்லுல எழுதி வாங்கிக்கிடுங்க. அடுத்த தடவ வேற ஆசான் கை வைக்குறப்ப அவருக்கு அந்த நம்பர் வேணும்.